கப்பலில் கை நனைத்தவள்

டிவியில் கப்பல் வருவதற்கு முன்பே ஜானகியம்மாள் காபி போட்டு எடுத்து வந்துவிட்டாள். ஆளுக்கொரு டம்ளரை எடுத்துக்கொண்டார்கள். ராஜமேரி மட்டும் கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு, "எனக்கு வேண்டாங்கக்கா" என்றாள்.

"ஏன் மேரி? உனக்குச் சக்கர கம்மியாத்தான் போட்டிருக்கறன்."

"அதுக்கில்லீங்க. வூடு பாக்க வந்த எடத்துல பச்சத்தண்ணி குடிக்கலாமுங்களா?"

"இது என் வூடுடீ! வாரத்துக்கு நாலு தடவ இங்கதான் காபி குடிக்கற."

"இன்னிக்கு அப்படியில்லீங்களே. கப்பலு உங்க வூட்டுக்குத்தான வருது."

ராஜமேரியின் அண்ணன் அந்தோணி பிரகாஷ் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிக்கொண்டது. ஒகேனக்கல் தடத்தில் கண்டக்டராக இருந்து எத்தனையோ விதமான ஆட்களைப் பார்த்தவர். தன் தங்கையைப் போல் ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். ஜானகியம்மாள் டம்ளரை ராஜமேரியின் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, "ஆறினா நான் பொறுப்பில்ல" என்றபடி சோபாவில் உட்கார்ந்தாள்.

இண்டூர்ப் பக்கத்தில் பெண்ணைக் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். முன்கட்டு எப்படி மினுக்கினாலும் பெண்களின் கண் அங்கே நிற்காது. அடுப்படிக்குள் போய்ப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். கிணற்றை எட்டிப் பார்ப்பார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறதா, தங்கள் பெண் எந்த இடத்தில் பாய் விரிப்பாள் என்று பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் சொம்புத் தண்ணீரைக்கூடத் தொடாமல், "போயி சொல்லி அனுப்பறங்க" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்கள். பிடித்துவிட்டால் இலை போடச் சொல்லிக் கை நனைப்பார்கள். கை நனைத்த பிறகு பேச்சு மாறக்கூடாது. அதில் இந்துக் குடும்பம், கிறிஸ்தவக் குடும்பம் என்ற வேற்றுமை எல்லாம் கிடையாது.

ராஜமேரியின் மகள் ஜோஸ்பினுக்கு மாப்பிள்ளை யாரும் வந்திருக்கவில்லை. வந்தது வேலை. தர்மபுரியில் கேட்டரிங் படித்துவிட்டு ஓசூரில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் பார்த்துக்கொண்டிருந்தவளைப் பெரிய பயணிகள் கப்பல் ஒன்றுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஏறினால் எட்டு மாதம் கடல்தான். அப்பா மதலைமுத்து கேட்டவுடனேயே சரி என்றுவிட்டார். ஆனால் அந்த வீட்டில் அவருடைய சரிக்குப் பின்னால் ராஜமேரியின் சரியும் வந்து நின்றால்தான் மதிப்பு. அவளோ சரியும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறவே பயந்து கரையில் நின்றவள் அவள். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலையில் ஜோஸ்பின்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள். அதே மாதிரிக் கப்பலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஒரு மணி நேரம் காட்டுகிறார்கள். "வூடு பாக்கற மாதிரி பாரும்மா. உனக்குப் புடிக்கலைன்னா நான் போவல, அப்புறம் அந்தப் பேச்சே எடுக்க மாட்டன்" என்றாள். சர்ச்சில் பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, ஊரிலேயே பெரிய டிவி இருக்கிற ஜானகியம்மாள் வீட்டுக்கு ராஜமேரி கிளம்பிவிட்டாள்.

கப்பல் வந்தது. வந்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. முதலில் ஒரு வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. அது போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. கேமரா பின்னால் நகர நகரச் சுவரில் அடுக்கடுக்காகப் பால்கனிகள் முளைத்தன. கடைசியில் கப்பல் முழுசாகத் தெரிந்தபோது அதன் காலடியில் எறும்பு போல் ஊர்ந்துகொண்டிருந்தது ஒரு பஸ் என்று தெரிந்தது.

"இருவது மாடியாமா" என்றார் தீர்த்தகிரி. ஜானகியம்மாளின் கணவர். லேசில் எதையும் மெச்சாத மனிதர். "நம்ம இண்டூர மொத்தமா ஏத்தினாலும் பக்கத்து நல்லம்பள்ளிக்காரனுக்கு எடம் மிச்சமிருக்கும்போல."

கப்பலுக்குள் கடைத்தெரு இருந்தது. நீச்சல் குளம் ஒன்றல்ல, பல. பனிக்கட்டித் தரையில் பெண்கள் சறுக்கி ஆடினார்கள். நடுவில் ஒரு பூங்கா, அதில் பிளாஸ்டிக் அல்லாத நிஜ மரங்கள். ஜானகியம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அந்தோணி பிரகாஷுக்கு ஜனம் ஏறுகிற காட்சிதான் பிடித்தது. ஆயிரக்கணக்கான பேர் இடித்துக்கொள்ளாமல், ஜன்னல் வழியாகத் துண்டு போடாமல், வரிசையாக ஏறினார்கள். "ஒருத்தன் படியில தொங்கலியே!" என்று வியந்தார். துறைமுகத்தில் காய்கறி ஏற்றியபோது தீர்த்தகிரி சோபாவின் நுனிக்கே வந்துவிட்டார். தக்காளிப் பெட்டிகள் லாரியிலிருந்து இறங்கி நேராகக் கப்பலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தன. போன மாதம்தான் விலை இல்லாமல் தன் தக்காளியை மாட்டுக்குக் கொட்டியவர் அவர்.

"ஒரு பழங்கூட நசுங்கல, பாரு முத்து. என்னமா வெச்சுத் தாங்கறான்!"

"ஆமாங்ண்ணா" என்றார் மதலைமுத்து. அவர் கப்பலைப் பார்த்ததைவிட மனைவியின் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

ராஜமேரிக்கும் பிரமிப்புத்தான். மனுசன் கையால் இவ்வளவு பெரிதாக ஒன்றைச் செய்து, அது தண்ணீரில் மிதக்கவும் செய்கிறது என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை. இதெல்லாம் முன்கட்டு. பின்கட்டைக் காட்டட்டும் என்று காத்திருந்தாள். காட்டினார்கள். அடுப்படி, ஒன்றல்ல, ஒரு தெரு. ஈயில்லை, ஒழுகவில்லை. புகை போன இடம் தெரியவில்லை. ரொட்டி சுடுகிறவனின் நகத்தைக்கூடப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. சலவைக்கூடத்தில் போர்வைகள் இயந்திரத்திலிருந்து மடித்தே வெளியே வந்தன. அப்போதும் அவள் அசையவில்லை.

பிறகு தண்ணீரைக் காட்டினார்கள். கடல் நீரைக் கப்பலே உறிஞ்சி, உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீராக்கிக் குழாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருவன் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். ராஜமேரி ஜானகியம்மாளின் முழங்காலைப் பிடித்தாள். தான் வளர்ந்த ஊர்க் கிணற்றின் ஃப்ளோரைடு தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பல்லெல்லாம் காவி ஏறியவள் ராஜமேரி. வாய்விட்டுச் சிரிக்க வந்தால் முந்தானையால் மறைத்துக்கொண்டே பழகியவள். ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்த முதல் நாள் குடத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டவள்.

"அக்கா, கடல் தண்ணியவே நல்ல தண்ணியாக்கறானுங்க! நடுக்கடல்ல! குழாயத் தொறந்தா நிக்காம வருதுங்கக்கா!"

சொல்லிக்கொண்டே கண்ணை எடுக்காமல் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்தாள். ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்து, டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நனைச்சிட்டா!" என்று ஜானகியம்மாள் கை தட்டினாள். "மேரி கை நனைச்சிட்டா!"

அந்தோணி பிரகாஷ் எழுந்தே நின்றுவிட்டார். "முடிஞ்சுது. சம்பந்தம் முடிஞ்சுது. இனிமே பேச்சு மாறக்கூடாது."

ராஜமேரி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "அண்ணா, அது நெனப்பில்லாம குடிச்சது. அதுவும் இது ஜானகியக்கா காபி, கப்பல் காபியா?"

"இந்தச் சட்டம் போட்டது நானா? நீதான?"

எல்லோரும் சிரித்தார்கள். மதலைமுத்துகூடத் தைரியமாகச் சிரித்தார். ஜோஸ்பின் மட்டும் சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததை ராஜமேரி பார்த்தாள். இந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி இல்லை என்பது? வாய் தவறிக் குடித்த காபிக்கு மகளை எப்படிக் கடலில் விடுவது?

திரையில் அறைகளைக் காட்டினார்கள். மெத்தை, கண்ணாடிக் கதவு, அதற்கப்பால் நீலக் கடல். ஒரு பெண் படுக்கை விரிப்பை உதறி விரித்தாள். ஜோஸ்பின் பார்க்கப்போகிற வேலை. ஒரு கண் இமைப்புத்தான், அவள் முகம் தெரிவதற்குள் படம் மாறிவிட்டது. கப்பல் ஊதிக்கொண்டு கிளம்பியது, எல்லா மாடிகளிலும் ஜனங்கள் கையாட்டினார்கள், பெயர்கள் ஓடின.

"அந்தப் பொண்ணு எங்க படுப்பா?" என்று கேட்டாள் ராஜமேரி.

ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் காட்டியவர்கள் அதைக் காட்டவில்லை. அந்தோணி பிரகாஷ், "அத்தன ரூம்ல ஒன்னு குடுக்காமயா போயிருவான்" என்றார். ஜோஸ்பினும் ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம். அங்கே இருந்தவர்களில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"கீழம்மா" என்றாள் ஜோஸ்பின். "தண்ணி மட்டத்துக்கும் கீழ. ஒரு ரூமுக்கு ரெண்டு பேரு. ஒன்னு மேல ஒன்னா கட்டிலு இருக்கும். சன்னல் இருக்காது."

ஜானகியம்மாள் ரிமோட்டை எடுத்து விளம்பரத்தின் சத்தத்தைக் குறைத்தாள்.

"அவ்ளோ பெரிய கப்பல்ல ஒரு சன்னல் வெக்க எடமில்லியா?" என்று தீர்த்தகிரி யாரையோ கோபித்துக்கொண்டார்.

ராஜமேரி எழுந்தாள். "வரங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். மதலைமுத்து பின்னால் போக எழுந்தார். அந்தோணி பிரகாஷ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

வீட்டுக்கு வந்தவள் சேலையைக்கூட மாற்றவில்லை. கேழ்வரகு மூட்டை போடுகிற உள்ளறைக்குப் போனாள். எலி புகக்கூடாது என்று சன்னல் வைக்காமல் கட்டிய அறை. மூட்டைகளை ஒதுக்கிப் பாயை விரித்து, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாகத்தான் இருந்தது. சாக்கு வாசனையும் தன் மூச்சுச் சத்தமும்தான். வெளியே மூன்று மணி வெயில் காய்கிறது என்பதையே நம்ப முடியவில்லை. தலைக்கு மேல் இருபது மாடிகளை நினைத்துப் பார்த்தாள். அங்கே ஆட்டம், பாட்டம், பூங்கா. அதற்கெல்லாம் கீழே தன் மகள், நாள் முழுக்கப் படுக்கை விரித்த இடுப்பு வலியோடு, இப்படி மல்லாந்து படுத்திருப்பாள். பயமாக இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் மூச்சு நிதானப்பட்டதையும் கவனித்தாள்.

கதவுக்கு வெளியே காலடி வந்து நின்றது.

"மா? உள்ள என்ன பண்ற?"

"படுத்துப் பாக்கறன்."

பிறகு ராஜமேரியே கேட்டாள்: "காத்து வருமா?"

"ஏசி இருக்கும்மா. எந்நேரமும் ஓடும்."

"கூடப் படுக்கறவ எந்த ஊருக்காரி?"

"தெரியலம்மா. எந்த தேசத்துக்காரியோ."

"அவ அவங்கம்மாகிட்ட சன்னல் இல்லைன்னு சொல்லியிருப்பாளா?"

கதவில் ஜோஸ்பினின் வளையல் உரசுகிற சத்தம் கேட்டது.

"உள்ள வா" என்றாள் ராஜமேரி. "வந்து கதவச் சாத்து."

கதவு திறந்து வெளிச்சம் ஒரு கோடாக வந்து மறுபடி அணைந்தது. ஜோஸ்பின் தடவிக்கொண்டு வந்தாள். அவள் கை அம்மாவின் கணுக்காலில் பட்டது. ராஜமேரி மூட்டைப் பக்கம் நகர்ந்து இடம் கொடுத்தாள். பட்டுச் சேலை சரசரத்தது. இரண்டு பேரும் தோள் ஒட்டிப் படுத்துக்கொண்டு, தெரியாத கூரையைப் பார்த்தார்கள்.

"மேலயா, கீழயா?" என்று கேட்டாள் ராஜமேரி.

"என்னம்மா?"

"கட்டிலு. நீ மேல படுப்பியா, கீழ படுப்பியா?"

ஜோஸ்பின் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அந்த இருட்டில் பெற்றவளுக்கே தெரியவில்லை. பாய் மட்டும் லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.