ஐந்நூறு யூனிட்டுக்குள் ஒரு வீடு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழ்க்காரர் போன் செய்து, "பூமிக்கும் நல்லது, பர்ஸுக்கும் நல்லது, அப்படிப் பத்துக் குறிப்பு எழுதிக் குடுங்க. கதையெல்லாம் வேண்டாம்" என்றார். எனக்கென்ன வந்தது, உட்கார்ந்தேன். முதல் குறிப்பு துணிப்பை. இரண்டாவது மாடியில் கீரை. மூன்றாவதாக 'மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஃபிரிட்ஜை' என்று எழுதினேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அந்த ஃபிரிட்ஜுக்குள் யாரோ ஒரு பெண்ணின் மருந்து இருப்பது மனக்கண்ணில் பட்டுவிட்டது. மீதிக் குறிப்புகளை அவரே எழுதிக்கொள்ளட்டும்.

2

தொடக்கம் ஒன்று: 'அயோத்தியாப்பட்டணத்தில் ஜூட் என்றொரு கஞ்சன் இருந்தான்.'

[அடித்துவிட்டேன். கஞ்சன் இல்லை அவன். மனைவி வினோலியாவுக்கு ஒரு மருந்தைக்கூட விலை பார்த்து வாங்கியதில்லை.]

தொடக்கம் இரண்டு: 'இயற்கையைக் காக்கப் புறப்பட்டான் ஜூட்.'

[ஐயோ, மேடைப் பேச்சு.]

சரி, நேராகவே வருகிறேன். ஜூட் மோட்டார் காயில் கட்டுகிறவன். வீட்டை ஒட்டியே பட்டறை. கரன்ட் எங்கே எப்படி வீணாகிறது என்பது அவனுக்கு அத்துப்படி. மாடியில் சோலார் போட வேண்டும், கரன்ட் பில்லே வரக்கூடாது என்பது ஆசை. அதற்காக ஒவ்வொரு பில்லிலும் மிச்சமாவதைத் தனியாக எடுத்து வைத்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவார்கள். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமா காசு? அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். நம் ஊரில் பரீட்சை மார்க்குக்குப் பயப்படாத ஆள்கூட இந்த ஐந்நூறுக்குப் பயப்படுவான்.

இந்தக் கோடையில் ரீடிங்குக்கு ஒரு வாரம் இருக்கும்போதே மீட்டர் ஐந்நூறை நெருங்கிவிட்டது.

3

வினோலியாவுக்கு அவனைத் தெரியும். துணிக்கடை வேலைக்குக் கிளம்பும்போதே பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, ஃபேனை நிறுத்துங்க, டிவியை நிறுத்துங்க, நான் கேக்க மாட்டேன். ஃபிரிட்ஜைத் தொடக் கூடாது. என் இன்சுலின் உள்ள இருக்கு."

"தொட மாட்டேன் வினோ."

"மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினான். அவள் பஸ் ஏறியதும் சுவிட்சை அணைத்தான்.

(வாசகரே, உடனே திட்டாதீர்கள். எனக்கும் இவன்மேல் சந்தேகம் வந்தது. விவரம் தெரிந்தவன் இப்படிச் செய்வானா? செய்வான். விவரம் தெரிந்ததால்தான் செய்தான்.)

இரவெல்லாம் ஃபிரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்தான். பகலில் கரன்ட் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டிகள் குளிரைப் பிடித்து வைக்கும். மருந்துக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்று, கதவுத் தட்டிலிருந்த இன்சுலின் குப்பியை எடுத்து ஃபிரீசரில் அந்தக் கட்டிகளுக்கு நடுவே பத்திரமாகச் சொருகினான். அவள் வருவதற்குள் சுவிட்சைப் போட்டு, குப்பியைப் பழைய இடத்தில் வைத்துவிடுவான். ஒரு வாரமும் இப்படித்தான். ரீடிங் எடுத்தபோது ஐந்நூறுக்குள் அடங்கியிருந்தது. சத்தியத்தை மீறிய உறுத்தலைவிட அந்தச் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

4

அதற்குள் வினோலியாவின் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது. வாய் வறண்டது, கண் மங்கியது. டாக்டர் முகத்தைச் சுளித்தார். "மாம்பழ சீசன் ஆச்சேம்மா" என்றார். ஊசி அளவை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். "ஒரு துண்டு வாயில வெச்சிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும்."

"சும்மா ஏறுமா? கடையில யாராச்சும் குடுத்திருப்பாங்க, மறந்திருப்பே" என்றான் ஜூட்.

[இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அவன் நல்லவனாகிவிடுவான். இருக்கட்டும்.]

கூட்டிய அளவைப் போட்டும் சர்க்கரை பெரிதாக இறங்கவில்லை. மூன்றாம் நாள் குப்பி தீர்ந்தது. புதிதாக வாங்க ஜூட் மருந்துக்கடைக்குப் போனான். கடையிலிருந்த ஜோதி என்ற பெண் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டே, எல்லோருக்கும் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அண்ணே, ஃபிரீசர்ல வெச்சிராதீங்க. ஒருவாட்டி உறைஞ்சுட்டா போச்சு, வெறும் தண்ணிதான். பாத்தா வித்தியாசமே தெரியாது."

கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டான் ஜூட். சில்லறை வாங்கவும் மறந்துவிட்டான்.

வண்டியில் வரும்போது முதலில் தோன்றியது, அப்பாடா, இனி சரியாகிவிடும் என்பதுதான். ஆத்தூர் ரோட்டில் பாதி தூரம் வந்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. டாக்டர் கூட்டிய அளவு, செத்த மருந்துக்குக் கூட்டிய அளவு. பையில் இருப்பதோ உயிருள்ள மருந்து. அதே அளவு உள்ளே போனால் சர்க்கரை தரைதட்டும். படுத்தவள் எழுந்திருக்காமலே போகலாம். உடம்பெல்லாம் வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் ஜூட் வாசலிலேயே கத்துகிறான், "வினோ, போடாதே!" அவள் அவனை மன்னிக்கிறாள். [மூன்று நாள் அழுதவள் இரண்டு வரியில் மன்னிப்பாளா? எனக்கே வெட்கமாக இருந்தது.]

இரண்டாவதில் அவன் சொல்லவில்லை. அவள் ஊசி போட்டு, சாப்பிட்டு, படுக்கிறாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை [எழுத மாட்டேன்.]

மூன்றாவதில் குப்பி கைதவறி விழுந்து உடைகிறது. [பயந்தாங்கொள்ளி எழுதுகிற முடிவு. அதாவது நான் எழுதுகிற முடிவு. இதையும் அடித்துவிட்டேன்.]

6

மிச்சம் இருப்பது இதுதான்.

வினோலியா பையை வாங்கிக்கொண்டாள். சாப்பாடு எடுத்து வைத்தாயிற்று. குப்பியை உள்ளங்கையில் உருட்டினாள். ஊசியில் மருந்தை இழுத்தாள், டாக்டர் சொன்ன அளவுக்கு, ஒரு கோடு கூடாமல் குறையாமல்.

"டாக்டருக்குத்தான் நம்பிக்கை இல்ல. நீங்களாச்சும் நம்புங்க, நான் திங்கலைங்க" என்றாள்.

ஜூட் வாயைத் திறந்தான். சொன்னால் சத்தியம் போகும், மாம்பழப் பேச்சு போகும், இந்த வீட்டில் அவனுக்கிருந்த மரியாதை மொத்தமும் போகும். சொல்லாவிட்டால் என்ன போகும் என்பது அவனுக்குத் தெரியும். அவள் கையிலிருந்த ஊசியையே பார்த்தான்.

"என்னங்க, ஏன் அப்படிப் பாக்கறீங்க? பயமா இருக்கு."

எழுதுவதை நிறுத்தினால் அவள் கையும் நிற்கும் என்று நினைத்து இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்து பார்த்தால், புடவையை ஒதுக்கி வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்திருக்கிறாள்.

அவனால் சொல்ல முடியவில்லை. எழுதியவன் நான், என் குரல் அவளுக்குக் கேட்காது. உறைந்த குப்பியைப் பற்றி, கூட்டிய அளவைப் பற்றித் தெரிந்த இன்னொருவர் நீங்கள்தான். எனக்காக வேண்டாம், ஜூட்டுக்காகவும் வேண்டாம். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சத்தமாக.