சாரலை நம்பிப் போட்ட தளம்

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாரல் இருக்கிறதென்ற திமிர் உண்டு. குற்றாலத்துக்குப் பக்கத்தில், குத்துக்கல்வலசையில் வீடு கட்டிக்கொண்டிருந்த எனக்கும் அதே திமிர்தான்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த கான்கிரீட்டில் தளம் போட்ட அன்று, இன்ஜினியர் ஜெபமலர் படித்துப் படித்துச் சொன்னாள். "இது மெதுவாத்தான் இறுகும் உமாராணி. இறுகிட்டா ரொம்ப வருஷம் உழைக்கும். ஆனா பதினாலு நாள் தளத்து மேல தண்ணி நிக்கணும்."

அவள் போனதும் கொத்தனார் மாடக்கண்ணு அண்ணாச்சி சிரித்தார். "குத்தாலத்துச் சாரலே ஊத்துது. நீ எதுக்குத் தாயி பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துத?" எனக்கும் மாடியேற அலுப்பு. சரி என்றேன்.

நான்காம் நாள் சாரல் நின்றுபோனது. காற்றுதான் பேயாக அடித்தது. இன்று வரும், நாளை வரும் என்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்ததும் பன்னீர் தெளித்த மாதிரிதான். ஜெபமலர் போனில் கேட்டபோதெல்லாம், "தண்ணி நிக்குது மேடம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அதை நம்பித்தான் பதினெட்டாம் நாள் தளத்தைத் தாங்கும் முட்டுக்கம்புகளைப் பிரிக்கலாம் என்றாள்.

பதினேழாம் நாள் தளத்தைச் சாவியால் கீறிப் பார்த்தேன். மாவாக உதிர்ந்தது. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை முட்டுப் பிரிக்கப் பாண்டி வந்தான். என் சித்தி மகன். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். "ஏக்கா, காப்பி போட்டு வை. முடிச்சிட்டு வருதேன்" என்று தளத்துக்கு அடியில் போனான். சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பொய்க்காரி என்பார்களே என்ற பயத்தில் நாக்கு எழவில்லை.

முதல் முட்டு விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மேலே எங்கோ சடக்கென்றது.

"பாண்டி, வெளிய வாலே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். "தண்ணியே ஊத்தலலே. ஒரு குடம்கூட ஊத்தல."

வாசலில் நின்ற மாடக்கண்ணு அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏலே, எதையும் தொடாத. அப்படியே நடந்து வா."

பாண்டி மேலேயே பார்த்துக்கொண்டு வந்தான். ஏழே அடிதான். வெளியே வந்து மணலில் உட்கார்ந்தான்.

"சாம்பல் கலந்ததுன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்" என்றான். "நீ தண்ணி ஊத்திருப்பன்னு நம்பித்தான்க்கா உள்ள போனேன்."