ஒரு ஸ்பூன் எண்ணெய்

தையல்காரருக்குக் கண் போனால் கடை போச்சு. கடையும் போனால் அவரிடம் நாலு வார்த்தை பேச ஆளே இல்லை. மனைவி இறந்து எட்டு மாதமாகிறது.

கொஞ்ச நாளாகப் பொழுது சாய்ந்தால் கண் மங்குகிறது. ஒருவருடைய கருநீலப் பேன்ட்டைக் கறுப்பு நூலால் தைத்துக் கொடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து ஐந்து மணிக்கே கடையைச் சாத்திவிடுகிறார். ஐந்திலிருந்து தூக்கம் வரும்வரை நாலு சுவர்களோடு என்னதான் பேசுவது?

ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

“விட்டமின் ஏ ரொம்பக் கம்மியா இருக்கே. கேரட், கீரையெல்லாம் சாப்பிடுறதில்லையா?”

“அதைத் தவிர வேற என்ன சாப்பிடுறேன்! முயலே எங்கிட்ட தோத்துப்போயிடும்மா.”

“எப்படிச் சமைப்பீங்க?”

“வேகவச்சு உப்புப் போடுவேன், அவ்வளவுதான். பதினோரு வருஷமா வீட்ல எண்ணெயே கிடையாது.”

“அதான் சங்கதி. கூடக் கொஞ்சம் கொழுப்பு இருந்தாத்தான் உடம்பு அந்தச் சத்தை எடுத்துக்கும். இல்லேன்னா பாதிக்கு மேல வீணாப் போயிடும். மாத்திரை எழுதித் தரேன். ஆனா சமையல்ல ஒரு ஸ்பூன் எண்ணெயாவது விடுங்க. ஆமா, உங்களுக்கு எண்ணெய் கூடாதுன்னு யார் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. எண்ணெய் ஆகாதது மனைவிக்கு. எண்ணெய் காயும் வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். ஆரம்பத்தில் அவர் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, தனக்கு மட்டும் முட்டை பொரித்துக்கொள்வார். கதவுக்குப் பின்னால் அவள் தனியாகக் கிடப்பது ஒருநாள் மனசை அறுத்தது. “எனக்கும் எண்ணெய் ஒத்துக்கலை” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னார். அதோடு எண்ணெயைத் தலைமுழுகினார். அவள் போன பிறகும் அந்தப் பொய்யை விட மனம் வரவில்லை.

அன்று மாலை சின்ன பாட்டில் ஒன்று வாங்கிவந்தார். வாணலியில் ஒரு ஸ்பூன் விட்டு, நறுக்கிய கேரட்டைப் போட்டார். சடசடவென்று பொரிந்து வாடை கிளம்பியதும், கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் படுக்கையறைக் கதவைச் சாத்தினார்.

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா, அஞ்சே நிமிஷம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. கை தாழ்ப்பாளிலேயே நின்றது. உள்ளே சுருட்டி வைத்த அவள் மெத்தையைத் தவிர ஒன்றும் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதார்.

கருகும் வாடை வரவே, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். தட்டில் போட்டு ஒரு வாய் எடுத்து வைத்தார்.

ருசியாக இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.