சர்வரிடம் பேரம் பேசியவர்

எங்கள் அத்தானுக்குக் கடைத்தெருவில் சேர்மன் என்று பெயர். ஒரு காலத்தில் வண்டி நிறுத்தும் கமிட்டிக்கு அவரைத் தலைவராகப் போட்டார்கள். அன்று கூட்டத்துக்கு வந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் வண்டி கிடையாது, அதனால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று நினைத்தார்கள். கமிட்டி மூன்று வாரத்தில் கலைந்தது. பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. யாராவது பின்னாலிருந்து "சேர்மன்" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவார். உடனே திரும்பினால் மரியாதை குறைந்துவிடுமாம்.

நாங்கள் பொத்தான் மொத்த வியாபாரிகள். சொன்ன விலைக்கு வாங்குகிறவனை எங்கள் வீட்டில் ஆளாகவே மதிப்பதில்லை. விலை படியவில்லை என்றால் எழுந்துவிட வேண்டும். செருப்பை மெதுவாக மாட்ட வேண்டும். படியிறங்கும்போது முதுகில் குரல் விழும், "சரி, வாங்க, உங்களுக்காக." எழுந்து நடப்பதை நாங்கள் வித்தையாகவே பயின்றவர்கள். சேர்மன் இதில் தன்னை மன்னன் என்று நினைத்தார். ஒரு மேசை விசிறியை இப்படி வாங்கியதை ஊரெல்லாம் சொல்லுவார். ஒரு வீட்டை இப்படியே கைநழுவ விட்டதைச் சொல்ல மாட்டார். அவர் எழுந்து நடந்தார், முதுகில் குரல் விழவில்லை, மறுநாள் அந்த வீட்டைப் பல் டாக்டர் ஒருவர் வாங்கிவிட்டார்.

இணையத்தில் கடை போடலாம் என்று ஆரம்பித்தது அண்ணிதான். அண்ணி எங்கள் கடையின் பின்னறையில் ஒன்பது வருஷமாகப் பொத்தான் எண்ணிப் பொட்டலம் போடுகிறவர். நூற்று நாற்பத்து நாலு பொத்தான் ஒரு கிராஸ். பார்த்த பார்வையிலேயே ஒன்று குறைகிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரைக் கல்லாவில் உட்கார வைக்க அப்பாவுக்கு ஒன்பது வருஷமாக நேரம் வரவில்லை. அண்ணன் பாதி மாதம் சரக்குப் பிடிக்க வெளியூரில் இருப்பான். மீதிப் பாதி, வெளியூரில் இருக்கிற மாதிரியே பேசாமல் இருப்பான்.

அண்ணி தானாகவே படித்துக் கற்றுக்கொண்டார். எங்கேயோ ஒரு பெரிய கூடம் நிறையக் கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள், அதில் ஒரு பங்கை மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்குத் தருவார்கள், அதற்குள் நம் கடைப் பக்கத்தை ஏற்றிவிட்டால் எந்த நேரமும் யாரும் பார்க்கலாம் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினார்.

"அந்தக் கம்ப்யூட்டரை நான் போய்ப் பாக்கலாமா?" என்றார் சேர்மன்.

"யாரும் பாக்க முடியாதுண்ணே. அது தனிப் பெட்டியா இருக்காது. பெரிய மெஷின்ல ஒரு பங்கு."

"பாக்காம வாடகைக்கு எடுக்கிறதா? நாளைக்கு ஒழுகினா?"

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் ஒரு பெரிய ஆயத்த ஆடை ஆலையின் பர்ச்சேஸ் மேடம் போன மாதம், "உங்க சரக்கு இணையத்துல இருந்தா சொல்லுங்க, எனக்குக் கடைக்கு வர நேரமில்லை" என்று சொல்லியிருந்தார். வருஷம் முழுக்க ஓடுகிற ஆர்டர். அதனால் அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார்.

"அந்தம்மாவுக்குப் பக்கம் பிடிச்சு ஆர்டர் வந்தா, நீ கல்லாவுல உக்காரும்மா. வரலைன்னா பழையபடி பின்னறை. அப்புறம் இந்தப் பேச்சே வேணாம்."

வெளிநாட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டக்கூடிய கார்டு அன்று சேர்மனிடம் மட்டும்தான் இருந்தது. "கணக்கு மாப்பிள்ளை பேர்ல இருக்கட்டும்" என்றார் அப்பா. மாப்பிள்ளை என்றால் எங்கள் வீட்டில் சிபாரிசே தேவையில்லை.

அண்ணி திரையில் அளவு அளவாகக் காட்டினார். சின்ன மெஷின், நடுத்தர மெஷின், பெரிய மெஷின். நமக்குச் சின்னதே போதும், ஆனால் தினமும் ஒரு நகல் எடுத்துத் தனியே வைக்கும் வசதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்.

"அது எதுக்கு? இருக்கிறதையே இன்னொரு தரம் வாங்கணுமா?" சேர்மன் அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டார். ஒன்றைக் குறைத்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது. வாங்கியது எது, விட்டது எது என்று அவருக்கு இரண்டுமே தெரியாது.

மூன்று வாரம் அண்ணி செக்கு மாடாக உழைத்தார். அறுநூறு பொத்தானுக்குப் படம் எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் அளவு, ஓட்டை எத்தனை, எந்தத் துவைப்பில் நிறம் போகும், எந்த இஸ்திரியில் உருகும் என்று நேராக அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினார். படங்கள் அவர் மடிக்கணினியில் இருந்தன. எழுதியதெல்லாம் சர்வரில், அதாவது அந்த வாடகை மெஷினில் மட்டும் இருந்தது. பர்ச்சேஸ் மேடம் திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பார்ப்பதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை ஒன்பதேகாலுக்குச் சேர்மன் கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் கம்ப்யூட்டரைத் திறந்தார். முதல் மாத பில் வந்திருந்தது. இரண்டு பேர் ஓட்டலில் சாப்பிட்டால் ஆகிற தொகை. ஆனால் அது சொன்ன விலை. சொன்ன விலையைக் கட்டினால் விசிறி வாங்கிய கை என்ன ஆவது?

"ஒரு மாசம் வாடிக்கையாளரா இருந்தாச்சு. இப்பப் பேசினாத்தான் படியும். பாத்துக் கத்துக்கோ" என்றார் என்னிடம்.

உதவிக்கு என்று ஒரு மூலையில் சின்னக் கட்டம் இருந்தது. அதில் எழுதினார். பதில் உடனே வந்தது.

"பாத்தியா, எவ்வளவு வேகமா பதில் சொல்றான். வியாபாரம் இல்லாம உக்காந்திருக்கான்."

"அத்தான், அது ஆள் இல்ல. தானா பதில் சொல்ற புரோகிராம்."

"கல்லாவுல எவன் உக்காந்தாலும் எனக்கென்ன?" பாதி விலை என்று எழுதினார். உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது என்று பதில் வந்தது. "புரியுதாம். இறங்கி வர்றான்." முக்கால் விலை என்று எழுதினார். உங்கள் பொறுமைக்கு நன்றி என்று வந்தது. இருபது நிமிடம் இப்படியே போயிற்று. அதுவரை எங்கள் தெருவில் யாருமே சேர்மனிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. விலைதான் அசையவில்லை.

"சரி. எழுந்துற வேண்டியதுதான்" என்றார்.

எப்படி எழுவது என்று திரையில் தேடினார். மெஷினை அழித்துவிடு என்று ஒரு பொத்தான் இருந்தது. பொத்தான் வியாபாரி, அழுத்தாமல் விடுவாரா? அழுத்தினார். நிச்சயமாகத்தானா என்று கேட்டது.

"பதறுறான்."

இதில் உள்ள அனைத்தும் போய்விடும், மீட்க முடியாது என்று அடுத்த வரி வந்தது.

"பயமுறுத்துறான். நாமளும் இதைத்தானே சொல்லுவோம், கடைசி டஜன், இனிமே இந்த நிறம் வராதுன்னு."

உறுதி என்றால் மெஷினின் பெயரை இங்கே எழுதவும் என்று மூன்றாவதாகக் கேட்டது.

"கெஞ்சுறான்டா" என்றார் சேர்மன், பரிவோடு.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே. மூன்று தரம் வழிமறிக்கிற கடைக்காரன் நான்காம் தரம் விலையை இறக்குவான் என்றே எனக்கும் தோன்றியது. அண்ணி மெஷினுக்கு வைத்திருந்த பெயரை அவர் ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாக அடித்தார். திரை ஒரு தரம் கண் சிமிட்டியது. உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம் என்று வந்தது.

"வருத்தப்படுறான் பாரு." நாற்காலியில் சாய்ந்து ஃபோனை எடுத்து மேசை மேல் வைத்தார். "பத்து நிமிஷம். கூப்பிடுவான்."

பத்து நிமிடத்தில் வந்தது அண்ணி. கடைசியாக ஒரு தரம் சரிபார்க்கப் பக்கத்தைத் திறந்திருக்கிறார், திறக்கவில்லை. மேசைக்கு வந்து திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மணி பத்தடிக்க ஐந்து நிமிடம் இருந்தது.

"யாரு அழிச்சது?"

"அழிக்கல. பேச்சுவார்த்தை நடக்குது" என்றார் சேர்மன்.

"யார்கூட?"

சேர்மன் ஃபோனைக் கொஞ்சம் நேராக நகர்த்தி வைத்தார்.

அண்ணி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் பக்கம் கையை நீட்டி, "உங்க கார்டு குடுங்க தம்பி" என்றார். எனக்கும் அந்த மாதம் அப்படியொரு கார்டு வந்திருந்தது, வாங்கி இரண்டு நாள் ஆகவில்லை. கொடுத்தேன். அண்ணி தன் பெயரிலேயே புதிதாகக் கணக்குத் திறந்தார். சின்ன மெஷின், தினசரி நகல், எல்லாம் சேர்த்து. சொன்ன விலைக்கே. அந்த வீட்டில் யாரும் அவ்வளவு வேகமாக எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை.

மெஷின் இரண்டு நிமிடத்தில் தயாரானது. மற்றதெல்லாம் அடியிலிருந்து. பக்கத்தை வருகிறவர்களுக்குக் காட்டுகிற புரோகிராமை ஏற்றுவது, வெளியாள் நுழையாதபடி மெஷினின் வழிகளை எல்லாம் சாத்தி வேண்டிய இரண்டை மட்டும் திறப்பது, படங்களை அனுப்புவது. முதல் தடவை மூன்று நாள் எடுத்த வேலையை இப்போது நாற்பது நிமிடத்தில் முடித்தார். பிறகு எழுத உட்கார்ந்தார். அறுநூறில் எதை எழுதுவது? அந்த ஆலை சட்டை மட்டும்தான் தைக்கிறது என்பது அண்ணிக்கு ஞாபகம் இருந்தது. சட்டைப் பொத்தான் நாற்பதை எடுத்து, பார்க்காமலே, மனதிலிருந்து எழுதினார். ஒன்பது வருஷம் கையில் ஓடிய சரக்கு.

இன்னொரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் ஃபோன் நம்பர் மாதிரி ஓர் எண் உண்டு; கடைப் பெயரை அடித்தால் பழைய மெஷினின் எண்ணுக்குத்தான் போகும். அதைப் புதிய எண்ணுக்கு அண்ணி மாற்றிவிட்டார், ஆனால் அந்த மாற்றம் உலகமெல்லாம் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும். எங்களுக்குச் சில நிமிடம்தான் இருந்தது.

பதினொன்று மூன்றுக்கு ஃபோன் அடித்தது. சேர்மன் பாய்ந்து எடுத்தார்.

"சொல்லுங்க. எவ்வளவு குறைக்கிறீங்க?"

மறுமுனையில் பர்ச்சேஸ் மேடம். கடை ஃபோனுக்கு லைன் கிடைக்காததால் கடையின் பழைய விசிட்டிங் கார்டில் இருந்த சேர்மன் எண்ணுக்கு அடித்திருக்கிறார். சேர்மன் முகம் வெந்த கத்தரிக்காய் ஆனது. அண்ணி ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"மேடம், மன்னிக்கணும். காலைல எங்க ஆளே தெரியாம பக்கத்தை அழிச்சிட்டாங்க. புதுசா போட்டிருக்கேன். பேரை அடிச்சா இன்னும் வராது. ஒரு நம்பர் சொல்றேன், அதை அப்படியே மேல அடிங்க."

நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். இரண்டு தரம் சொன்னார். அப்பா கல்லாவிலிருந்து எழுந்து வந்து நின்றார்.

"மொட்டையா இருக்கே" என்றது ஃபோன்.

"ஆமா மேடம். சட்டைப் பொத்தான் மட்டும்தான் ஏத்தியிருக்கேன். உங்களுக்கு வேணுங்கிறது அதுதான்."

"இந்த நாலு ஓட்டை வெள்ளை, சூட்டுல மஞ்சளாகும்னு எழுதியிருக்கீங்க. உங்க சரக்கைப் பத்தி நீங்களே எழுதுறதா?"

"ஆகும் மேடம். அதுக்குப் பக்கத்துல இருக்கிறது ஆகாது. அதைப் பாருங்க."

"ம்" என்றது ஃபோன். பிறகு, "ஆறு ரகம் எடுத்துக்கிறேன். மூணு மாசம் பாப்பேன். சரியா இருந்தா மீதியைப் பேசலாம். இனிமே உங்ககிட்டயே பேசுறேன்."

அண்ணி ஃபோனைக் கீழே வைத்தார்.

"நான் சொல்லல?" என்றார் சேர்மன், எல்லோரையும் பார்த்து. "ஆபத்துன்னு வந்தா எப்படிச் சமாளிக்கிறதுன்னு இன்னைக்கே பழகிட்டோம்ல." அவர் அதை நம்பியே சொன்னார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம், வேறு ஒன்றும் இல்லை.

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். அவர் யோசித்தால் யாருக்கோ ஏதோ குறையப்போகிறது என்று அர்த்தம்.

"வருஷ ஆர்டர்னு சொன்னோம். வந்தது மூணு மாசம், ஆறு ரகம். பாதின்னு வச்சுக்கலாம்." தொண்டையைச் செருமினார். "அதனால நீயும் பாதி நாள் கல்லாவுல உக்காரும்மா."

மருமகளிடம்கூடத் தள்ளுபடி. எங்கள் ரத்தம்.

"காலைலயா, சாயங்காலமா?" என்று கேட்டார் அண்ணி.

"காலைல."

"சரி மாமா. நெட்டு வியாபாரத்தைச் சாயங்காலம் பாத்துக்கிறேன், அந்தக் கணக்கு என் பேர்லதான் இருக்கு." இடுப்பில் சொருகியிருந்த பின்னறைச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார். "அப்போ பொட்டலம் போட ஆள் வேணும்."

அப்பா சாவியைப் பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார். மாப்பிள்ளையிடம் அவர் எதையும் நேராகக் கேட்டதில்லை. அன்றும் என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏன்டா, உங்க அத்தானுக்கு நூத்தி நாப்பத்து நாலு வரைக்கும் எண்ண வரும்ல?"