வெளிப்பக்க வாசல்

எங்கள் நிறுவனத்துக்கு வரும் மின்னஞ்சல் எல்லாம் ஒரு காவல் பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும். வைரஸையும் மோசடிக் கடிதங்களையும் அதுதான் வடிகட்டும். தலைமை அலுவலகத்தில் அதைப் பொருத்தியவன் என் தம்பி. அவன் வேலை நிரந்தரமாவதற்கு அங்குள்ள மேலாளரின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

கிளை அலுவலகத்தில் உட்கார்ந்து பெட்டியின் அமைப்பைத் திறந்து பார்த்தேன். அதற்கு இரண்டு நெட்வொர்க் போர்ட்டுகள். ஒன்று இணையத்தின் பக்கம், இன்னொன்று அலுவலகத்தின் பக்கம். என்னையும் தம்பியையும் போல அதை நிர்வகிப்பவர்கள் நுழைய அலுவலகப் பக்கத்தில்தான் அனுமதி தர வேண்டும். இந்த அதிமேதாவி தலைகீழாக டிக் செய்திருந்தான். ஊர் உலகமே வந்து தட்டலாம். அடுத்த மேசைக்காரர் நுழைய முடியாது. நானே இணையம் வழியாகத்தான் நுழைந்திருந்தேன்.

யாரோ தட்டிக்கொண்டும் இருந்தார்கள். தவறான கடவுச்சொல், மறுபடி தவறான கடவுச்சொல் என்று திரையில் வரிகள் ஏறின. ஏதோ ஒரு மொபைல் இணைப்பு. நல்லவேளை, காலையில்தான் கடவுச்சொல்லை மாற்றியிருந்தேன். தம்பிக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. "எங்கடா போய்த் தொலைஞ்சே!" முதலில் உள்பக்கத்தைத் திறக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே வெளிப்பக்கத்தை மூட வேண்டும். அதுதான் முறை.

அப்போது திரையில் புதிய வரி வந்தது. தட்டியவன் உள்ளே நுழைந்துவிட்டான்.

முறையாவது மண்ணாவது! வெளிப்பக்க அனுமதியை எடுத்துவிட்டு உறுதிசெய் பொத்தானை அழுத்தினேன். திரை உறைந்தது. அவனும் வெளியே, நானும் வெளியே. உள்பக்கம் திறக்கவே இல்லை. இனி பெட்டி இருக்கும் அறைக்கே போய், அதில் கேபிளைச் செருகினால்தான் உண்டு.

தம்பி அழைத்தான். "அக்கா, நீயும் உள்ள இருந்தியா? உள்பக்கத்தைத் திறக்கப் போனேன், அதுக்குள்ள வெளிய தள்ளிடுச்சு."

"நீயா அது?"

"ஆபீஸ்லேருந்து நுழைய முடியல, அதான் மொபைல்ல வந்தேன். பழைய பாஸ்வேர்டு எடுக்கல. நீ மாத்தியிருப்பேன்னு அப்புறம்தான் யோசிச்சேன். மூக்கொழுகி, கூடவே என் பிறந்த வருஷம். உன்னை விட்டா யாரு என்னை அப்படிக் கூப்பிடுவா?"

"வாயில நல்லா வருது எனக்கு. ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா திட்டுவே. சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

"சார் கூப்பிடறாரு, இருடா" என்று அவனை இணைப்பில் காக்க வைத்துவிட்டு மேலாளரின் அழைப்பை எடுத்தேன். "வெளியிலேருந்து யாரோ உள்ள புகுந்ததா எனக்கு எச்சரிக்கை வந்திருக்கும்மா. யாரு?"

'நான்தான் சார்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. அவர் நம்பியும் இருப்பார். ஆனால் அந்தப் பெட்டியை நம்பித்தான் இத்தனை பேர் கடிதம் திறக்கிறார்கள்.

"என் தம்பி சார். வெளிப்பக்கம் திறந்து வெச்சது அவன். சுலபமா ஊகிக்கிற மாதிரி பாஸ்வேர்டு வெச்சது நான். பதறிப்போய் எல்லாரையும் வெளிய விட்டுப் பூட்டினதும் நான்தான்."

"அறைச் சாவி என்கிட்ட இருக்கு. கேபிளோட வரச் சொல்லுங்க." கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டார்.

"சார் என்னக்கா சொன்னாரு?" என்றான் தம்பி.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா. கேபிளை எடுத்துக்கிட்டு அவர் ரூமுக்குப் போ, மூக்கொழுகி."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.