உள்ளங்கையில் ஒரு சொட்டு ஷிராஸ்

யுத்த நிறுத்தம் வந்து ஒரு வருடம். வாவிக்கரைக் காவலரண்களில் மணல் மூட்டைகள் அப்படியே கிடந்தன. கொடி கட்டிய ஜீப்புகள்தான் கூடியிருந்தன. ஜீப்புக்கு ஒரு தொண்டு நிறுவனம், நிறுவனத்துக்கு ஒரு பணிப்பாளர். அப்படி ஒருவர்தான் வினாயகமூர்த்தி. கொழும்பில் ஐந்து நாள் பயிற்சிப் பட்டறையில் இருந்துவிட்டு வந்ததிலிருந்து தண்ணீரைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார்.

அவருடைய விருந்தினர் விடுதியில் சமையல், ஆரையம்பதிக் கோணாமலை.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு, நிதி கொடுக்கும் அவுஸ்திரேலிய அம்மையார் வருவதாக இருந்தது. தன் தம்பி செய்த ஷிராஸ் சிவப்பு வைனில் இரண்டு போத்தல்களை முன்கூட்டியே அனுப்பியிருந்தார். பணிப்பாளர் ஒன்றைத் திறந்து, கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது.

“கெட்டுப்போச்சு கோணாமலை! வைன் எண்டா இனிக்கோணும். கொழும்பில குடிச்ச எனக்குத் தெரியாதா? நன்னாரிச் சர்பத் இரிக்கெல்லா, அத ஊத்திக் கலக்கு.”

கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல கோணாமலை உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினான். இருபது வருடமாக அந்தக் கை அவனுக்குப் பொய் சொன்னதில்லை. இனிப்பு இல்லைதான். நுனிநாக்கில் மிளகு, பிறகு அடுப்புக்கு மேலே தொங்கப்போட்ட இறைச்சியின் புகை, கடைசியில் உப்புக் கரித்த ஒரு துவர்ப்பு. சத்தம் போடாத சாமான். கூடவரும் கறியைப் பேசவிட்டுத் தான் ஒதுங்கி நிற்கும்.

“கெடல்ல சேர். இது இப்பிடித்தான். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு இத விட வேற வேணாம்.”

“வைனப் பத்தி நீ எனக்குப் படிப்பிக்கிறயா? அம்மா முகம் சுளிச்சா, நாளைக்கு வேற குசினியப் பாரு.”

வேறு குசினி, வேறு அடுப்பு எங்கே இருக்கிறது? வீட்டில் மூன்று பிள்ளைகள். கோணாமலை சர்பத் போத்தலை எடுத்தான். அம்மா முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதானே. சர்பத்தை ஒரே ஒரு கிளாஸ் வைனில் ஊற்றினான். அதைப் பணிப்பாளருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

அம்மையார் பிரட்டலில் ஒரு வாய், வைனில் ஒரு மிடறு எடுத்தார். முகம் மலர்ந்தது. தம்பியின் வைன் அடக்கமானது, பலருக்குப் பிடிபடாது, இந்த இறைச்சியோடுதான் அதன் குணம் தெரிகிறது என்றார்.

பணிப்பாளர் எழும்பி, அடக்கத்தைப் பற்றிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் முழங்கினார். அதற்குள், மேசையிலிருந்த கிளாஸ்களில் அவருடையதில் மட்டும் எறும்பு ஏறியது.

அம்மையார் அதை எடுத்து முகர்ந்தார். கோணாமலையைக் கூப்பிடச் சொன்னார். மொழிபெயர்க்க அங்கே இருந்தவர் பணிப்பாளர் ஒருவர்தான்.

“இதுல என்ன கலந்த எண்டு... கேக்கிறா.”

“சேர் சொன்ன நன்னாரிச் சர்பத். சேருக்கு மட்டுந்தான் ஊத்தின எண்டு சொல்லுங்க சேர்.”

பணிப்பாளரின் ஆங்கிலத்துக்கு முதன்முறையாக அடக்கம் வந்தது. ஆனால் சர்பத் என்றால் எல்லா ஊர்க் காதுக்கும் விளங்கும். அம்மையார் விழுந்து விழுந்து சிரித்தார். தன் கையாலேயே அவருக்கு நல்ல வைனை ஊற்றிக் கொடுத்தார். அவர் அதைப் பேதி மருந்துபோல விழுங்கிவிட்டு, அருமை என்றார். அடுத்த மாதம் வரும்போதும் இந்தக் கைச்சமையல்தான் வேண்டும் என்று அம்மையார் சொன்னதையும் அவரே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

ஜீப் போனதும், சட்டியைக் கழுவிக்கொண்டே கோணாமலை கேட்டான்:

“நாளைக்கு வேற குசினி பாக்கவா சேர்?”

“சும்மா இரி. பிரட்டல் மிச்சம் இரிக்கா?”

“இரிக்கி சேர். சர்பத்தும் இரிக்கி.”