எதிர்முனையில் நின்றவள்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைக் கஞ்சியக்கா என்றே கூப்பிடுவார்கள். கஞ்சித் தொட்டியில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பது ஒரு காரணம். கஞ்சி போட்ட துணி மாதிரியே விறைப்பாக இருப்பாள் என்பதுதான் நிஜக் காரணம். கலவரத்தில் தம்பியின் மண்டை உடைந்த பிறகு அந்த விறைப்பு இன்னும் கூடியிருந்தது.

தெருவில் கலவரம் அடங்கிவிட்டது, கூடத்துக்குள் அடங்கவில்லை. ஜன்னலோர பெஞ்சில் இந்த இனத்தார் சாப்பிட்டால், கதவோர பெஞ்சில் அந்த இனத்தார். அங்கே யாராவது தும்மினால் இங்கே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். புதிதாக வந்த மேலாளர் இதைச் சரிசெய்யப் புறப்பட்டார். இனி எல்லா வேலையும் ஜோடியாகத்தான். ஜோடியில் ஆளுக்கொரு இனம். "பழகினாத்தான் புரியும்" என்று சொல்லி, கைதட்டவும் சொன்னார். ஈரத்துணி விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

கஞ்சியக்காவுக்கு வாய்த்தவள் நெட்டை. ஆள் பனைமர உயரம். துணி தேய்க்கும் நீராவி உருளைக்கு முன்னால் இருவரும் நின்று, படுக்கை விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே செலுத்த வேண்டும். ஒருத்தி அவசரப்பட்டாலும் துணி கோணும், விரல் வேகும். அதனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். அந்தப் பார்வைதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. துணியைப் பார்க்கிறாளா, ஆளை எடை போடுகிறாளா?

இரண்டாம் நாளே மேலாளர் அக்காவைத் தனியாக அழைத்தார். "நீங்க சீனியர். அந்தம்மா என்ன பேசறாங்க, வீட்டு நிலவரம் என்னன்னு கொஞ்சம் காதுல போட்டு வைங்க. எல்லாம் நல்லதுக்குத்தான்." அக்காவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

கவனிக்கக் கவனிக்கச் சந்தேகம் முற்றியது. "உங்க தம்பிக்கு எந்தத் தெருவுல அடிபட்டுச்சு?" என்று கேட்டாள் நெட்டை.

"உனக்கு எதுக்கு?"

"சும்மாதான்."

சும்மா கேட்பவள் எதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? மறுநாளும் விடவில்லை: "காலையிலயா, சாயங்காலமா?" அதற்குள் அக்காவும் ஒன்றைக் கேட்டு வைத்திருந்தாள். நெட்டையின் தம்பியைக் கலவர வழக்கில் பிடித்துப் போயிருக்கிறார்கள். அவள் போனில் யாரிடமோ சொல்லி மூக்கைச் சிந்தியது காதில் விழுந்தது. அது சுடச்சுட மேலாளரிடம் போயிற்று.

அவரோ எல்லாம் கேட்டுக்கொண்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி அழைத்து, "உங்க வீட்டுக்காரருக்கு வேலை போயிடுச்சாமே, பாவம்" என்றார்.

அக்காவுக்குத் திருடனைத் தேள் கொட்டிய நிலைமை. அதை அவள் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள், அலுப்பில், நெட்டையிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லியிருந்தாள்.

உருளைக்குத் திரும்பியதும் விரிப்பின் முனையை அரைகுறையாகப் பிடித்தபடியே நெட்டையைக் கேட்டாள். "என் வீட்டுக் கதையை ஏண்டி அங்க போய்க் கொட்டின?"

நெட்டை அசரவில்லை. "என் தம்பி உள்ள இருக்கறத நீங்க சொல்லலையா? நேத்து அவரு வாயாலயே கேட்டேன்."

விரிப்பு கோணி உருளையில் சுருண்டது. நெட்டை எட்டிச் சுவிட்சை அணைத்தாள். திடீர் அமைதியில் கூடமே திரும்பிப் பார்த்தது.

"உன்னையும் கூப்பிட்டாரா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"'நீங்க பொறுப்பானவங்க'ன்னாரு."

"என்னை 'சீனியர்'னாரு." சிரிப்பு வந்தது, அக்கா அதை விழுங்கிக்கொண்டாள். "அப்ப தெருவைக் கேட்டியே, அதுவும் அவரு சொல்லிக் குடுத்ததா?"

"இல்லக்கா. அது நானா கேட்டது." நெட்டை சுருண்ட துணியை உருவ ஆரம்பித்தாள். "என் தம்பி கல்லெடுக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றான். நம்பறதா வேணாமான்னு எனக்கே தெரியல. உங்க தம்பி மேல விழுந்த கல்லு அவனோடதா இருந்துட்டா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க எதிர்ல நிக்கறது?"

அக்கா சுருண்ட துணியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். தெருப் பெயரைச் சொன்னாள், நேரத்தையும் சொன்னாள். நெட்டை கண்ணை மூடித் திறந்தாள். "அவனைப் பிடிச்சதும் அங்கதான்" என்றாள்.

அக்கா அவளை வெறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. அன்று தன் தம்பியும் வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று சொன்னான். அதை அவளும் முழுசாக நம்பியதில்லை.

"மொதல்ல இந்த மனுஷனைப் பாத்துட்டு வரலாம், வா" என்றாள்.

இருவரும் சேர்ந்து உள்ளே நுழைந்ததும் மேலாளர் எழுந்தே விட்டார். "புரிதலுக்காகத்தானேம்மா..." என்று இழுத்தார். "புரிஞ்சிடுச்சு சார்" என்றாள் அக்கா. "இனிமே எது வேணும்னாலும் எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா வெச்சுக் கேளுங்க." அதன்பின் அவர் யாரையும் தனியாக அழைக்கவில்லை.

ஆனால் ஜன்னலோர பெஞ்சு அக்காவைச் சந்தேகிக்க ஆரம்பித்தது. கதவோர பெஞ்சு நெட்டையை. "அவகூட என்ன குசுகுசுப்பு?" என்று அதே கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவின் நாத்தனார் முகத்துக்கு நேரே கேட்டாள். 

அன்று சாயங்காலம் அவள் நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் காயம் ஆறிய இடத்தைச் சொறிந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்கு உன் கையில கல்லு இருந்துச்சா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "யாரு கேட்டு வரச் சொன்னா? அவங்க ஆளுங்களா?"

"நான்தான்டா கேக்கறேன்" என்று அவன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அவள் எழுந்திருக்கவில்லை.